சாகோஸ் தீவுகளும் ஆட்புல ஒருமைப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 'ஆட்புல ஒருமைப்பாடு' என்ற சொல் நாளேடுகளில் அடிக்கடி அடிபடுகிறது. தமிழ்நாட்டு நாளேடுகள் பெரும்பாலும் 'பிராந்திய ஒருமைப்பாடு' என்று எழுதுகின்றன. ஈழத்து ஏடுகளில் 'ஆட்புல ஒருமைப்பாடு' என்று வரும். இரண்டும் ஒன்றே. இதை விளங்கிக்கொள்ள ஏதாவது ஒரு வழக்கைத்தான் படிக்க முடியும் என்றால், மொரீஷியஸுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான சாகோஸ் தீவுகளின் வழக்கையே நான் படிக்கச் சொல்வேன். இந்தக் கொள்கை யாரைக் காக்கிறது, யாரைக் காக்காமல் விடுகிறது என்ற இரண்டும் அதில் தெரிகின்றன.

ஆட்புல ஒருமைப்பாடு என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு நாட்டின் நிலத்தை இன்னொரு நாடு வலுவைக் காட்டிப் பறிக்கவோ துண்டாடவோ கூடாது என்பதுதான். ஐ.நா. சாசனத்தின் 2-ஆம் உறுப்பு, 4-ஆம் பத்தி இதைச் சொல்கிறது: எந்த நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராக உறுப்பு நாடுகள் வலுவைப் பயன்படுத்தக் கூடாது; பயன்படுத்துவோம் என்று மிரட்டவும் கூடாது.

1945-க்கு முன்னால் போரில் வென்றவன் நிலத்தைத் தன்னுடையதாக எழுதிக்கொள்வது உலக வழக்கமாகவே இருந்தது. சாசனம் அந்தக் கதவை மூடியது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைத் தன்னோடு இணைத்ததாக அறிவித்தபோது, அந்த இணைப்பு செல்லாது என்று பாதுகாப்புச் சபை 662-ஆம் தீர்மானத்தில் சொன்னது. 2014-இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டபோது பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவிடமே தடையதிகாரம் இருந்ததால், பொதுச் சபைதான் 100 வாக்குகளோடு உக்ரைனின் ஒருமைப்பாட்டை உறுதிசெய்தது. அதனால் கிரிமியா திரும்பவில்லை. ஆனாலும் பெரும்பாலான நாடுகளின் கணக்கில் அது இன்றும் உக்ரைன்தான்.

அப்படியானால் எல்லைகள் எப்போதுமே மாறக் கூடாதா?

மாறலாம். சம்மதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு முடிய 1962 ஆகிவிட்டது. 2015-இல் இந்தியாவும் வங்காளதேசமும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிதறிக் கிடந்த 162 நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டன. அதற்காக இந்தியா தன் அரசியலமைப்பை 100-ஆவது முறையாகத் திருத்தியது. இரண்டிலும் யாருடைய ஒருமைப்பாடும் மீறப்படவில்லை.

சம்மதம் என்று எதைச் சொல்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சாகோஸ் வழக்கு முழுவதுமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சாகோஸ் எங்கே இருக்கிறது?

இந்தியப் பெருங்கடலின் நடுவில், மாலத்தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டரில். ஏழு பவளத் திட்டுகளில் அறுபது சிறு தீவுகள் போல உண்டு. அவற்றில் பெரியது டீகோ கார்சியா. அதுவே 27 சதுர கிலோமீட்டர்தான். மொரீஷியஸிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருந்தாலும், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே இவை மொரீஷியஸின் சார்புத் தீவுகளாகவே நிர்வகிக்கப்பட்டன. 1814 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் மொரீஷியஸைச் சார்புத் தீவுகளோடு சேர்த்தே பிரிட்டனுக்குக் கொடுத்தது.

மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே தென்னந்தோப்புகளில் வேலை செய்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்தார்கள். கொப்பரைதான் பிழைப்பு. ஐந்தாறு தலைமுறைகளில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கிரியோல் பேச்சும் பாட்டும் சமையலும் கொண்ட மக்களானார்கள்.

1965-இல் என்ன நடந்தது?

அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு படைத்தளம் வேண்டியிருந்தது. ஆட்கள் இல்லாத, சுதந்திரம் கேட்டுக் கிளம்ப யாரும் இல்லாத ஒரு தீவாக அது இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விரும்பியது. மொரீஷியஸ் அப்போது சுதந்திரத்தின் வாசலில் நின்றது. சுதந்திரம் கொடுத்த பிறகு தீவைக் கேட்டால் புதிய அரசு மறுக்கலாம். அதனால் கொடுப்பதற்கு முன்பே வெட்டி எடுத்துவிடுவது என்று லண்டன் முடிவு செய்தது.

1965 செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் அரசியலமைப்புப் பேச்சு நடந்தது. செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன், மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைத் தனியே சந்தித்தார். அந்தச் சந்திப்புக்காக வில்சனுக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும், தீவு விஷயத்தில் இணங்காவிட்டால் அது கிடைக்காமல் போகலாம் என்ற அச்சத்தையும் ராம்கூலத்துக்குச் சேர்த்தே ஊட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அன்றே மொரீஷியஸ் தரப்பு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. இழப்பீடாக 30 லட்சம் பவுண்டு. பாதுகாப்புத் தேவை தீர்ந்ததும் தீவுகளைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதியும் உண்டு.

நவம்பர் 8 அன்று 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்ற புதிய காலனி பிறந்தது. காலனிகளை எல்லாம் கலைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு காலனியைப் புதிதாக உண்டாக்கினார்கள். சீஷெல்ஸிலிருந்தும் மூன்று தீவுத்தொகுதிகளை வெட்டி அதில் சேர்த்தார்கள். அவை 1976-இல் சீஷெல்ஸ் விடுதலை பெற்றபோது திரும்பிவிட்டன. சாகோஸ் திரும்பவில்லை.

ஐ.நா. பொதுச் சபை அப்போதே விழித்துக்கொண்டது. மொரீஷியஸின் ஆட்புலத்தைத் துண்டாடும் எதையும் செய்யாதீர்கள் என்று 1965 டிசம்பர் 16 அன்று 2066-ஆம் தீர்மானம் பிரிட்டனைக் கேட்டது. பிரிட்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் டீகோ கார்சியா 50 ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் பயன்பாட்டுக்குப் போனது. பின்னர் அது 2036 வரை நீட்டிக்கப்பட்டது. பதிலுக்கு, அமெரிக்காவின் பொலாரிஸ் ஏவுகணைகளுக்குப் பிரிட்டன் கட்ட வேண்டிய ஆய்வுச் செலவில் 1.4 கோடி டாலர் வரை ரகசியமாகத் தள்ளுபடி ஆனது.

மொரீஷியஸ் தலைவர்களே சம்மதித்தார்கள் அல்லவா? பிறகு எப்படிக் குறை சொல்வது?

பிரிட்டன் அரை நூற்றாண்டாகச் சொன்ன பதில் இதுதான். ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அன்று மொரீஷியஸ் பிரிட்டனின் காலனி. அதன் அமைச்சரவை ஆளுநருக்குக் கீழே இருந்தது. ஒரு தரப்பு மற்றத் தரப்பின் அதிகாரத்துக்குள் இருக்கும்போது, இருவருக்கும் இடையே சர்வதேச ஒப்பந்தம் இருந்ததாகப் பேச முடியாது என்றது நீதிமன்றம். மக்களின் விருப்பம் சுதந்திரமாகவும் உண்மையாகவும் வெளிப்பட்டிருக்க வேண்டும். இங்கே அப்படி வெளிப்படவில்லை.

சிறைக்கதவைத் திறக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பவரிடம் போடும் கையெழுத்தை நம்மூரில் எந்தப் பஞ்சாயத்தும் ஏற்காது. ராம்கூலத்தின் நிலை அதற்கு வெகுதூரம் இல்லை. அவரைத் துரோகி என்று தூற்றுவோர் மொரீஷியஸில் இருந்தார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாடா தீவா என்று கேட்கப்பட்ட இடத்தில் அவர் நாட்டை எடுத்துக்கொண்டார். 1968 மார்ச் 12 அன்று மொரீஷியஸ் விடுதலை பெற்றது.

1965-இல் மொரீஷியஸ் ஒரு நாடே இல்லை. நாடாகாத ஒன்றுக்கு ஆட்புல ஒருமைப்பாடு எப்படி இருக்கும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. சாசனத்தின் 2(4) நாடுகளைப் பற்றித்தான் பேசுகிறது. காலனிக்கு அது நேரடியாகப் பொருந்தாது.

ஆனால் 1960 டிசம்பர் 14 அன்று பொதுச் சபை 1514-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. காலனி நாடுகளுக்கும் மக்களுக்கும் விடுதலை அளிக்கும் பிரகடனம் அது. ஆதரவு 89, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதன் 6-ஆம் பத்தி, ஒரு நாட்டின் தேசிய ஒற்றுமையையும் ஆட்புல ஒருமைப்பாட்டையும் பகுதியாகவோ முழுமையாகவோ குலைக்கும் எந்த முயற்சியும் சாசனத்துக்கு முரணானது என்கிறது.

1965-இல் அது வெறும் அரசியல் அறிக்கைதான், சட்டமாகவில்லை என்று பிரிட்டன் வாதிட்டது. நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று கொடுத்த ஆலோசனைக் கருத்தில் வேறுவிதமாகச் சொன்னது: சுயநிர்ணய உரிமை அன்றே வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகளின் நடைமுறையால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமாக, ஆகிவிட்டது. அந்த உரிமை காலனியின் முழு ஆட்புலத்துக்கும் உரியது. ஆகவே அந்த ஆட்புலத்தைச் சிதையாமல் வைத்திருப்பது அந்த உரிமையிலிருந்தே பிறக்கும் கடமை.

இதன் கனத்தை நின்று பார்க்க வேண்டும். குடியிருப்பவருக்கு வீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன், கொடுப்பதற்கு முதல்நாள் ஒரு அறையை இடித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தால் கடமை முடியவில்லை. 1968-இல் மொரீஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமை பெறவில்லை என்றது நீதிமன்றம். சாகோஸைப் பிரிட்டன் வைத்திருப்பது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் தவறு என்றும், கூடிய விரைவில் அதை முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. 13 நீதிபதிகள் ஒரு பக்கம். மறுபக்கம் நின்ற ஒரே நீதிபதி அமெரிக்காவின் ஜோன் டோனஹியூ. இந்த வழக்கை ஆலோசனைக் கருத்தாக எடுத்துக்கொண்டிருக்கவே கூடாது என்பது அவர் வாதம்.

தீவில் இருந்த மக்கள் என்ன ஆனார்கள்?

1,500 முதல் 2,000 பேர் வரை இருந்தார்கள். ஒருவரையும் விடவில்லை.

1967 முதலே, மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்கள் திரும்பக் கப்பல் ஏற முடியவில்லை. தீவை விற்றாயிற்று என்று துறைமுகத்தில் சொன்னார்கள். 1971-இல் டீகோ கார்சியா காலியாக்கப்பட்டது. அப்போது தீவின் நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, புகையால் கொன்றார்கள். 1973-க்குள் பெரோஸ் பன்யோஸ், சாலமன் திட்டுகளிலும் யாரும் மிஞ்சவில்லை.

இதையெல்லாம் செய்தவர்கள் ஐ.நா.வுக்கு என்ன சொன்னார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. அங்கே நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தக் கூலிகள்தான் என்றார்கள். நிரந்தர மக்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டால், சாசனத்தின் 73-ஆம் உறுப்பின்படி அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தர வேண்டிவரும். அதனால் கல்லறையில் ஐந்து தலைமுறைப் பெயர்கள் இருந்த ஒரு மக்கள் காகிதத்தில் இல்லாமல் போனார்கள்.

2018 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் பெரோஸ் பன்யோஸில் பிறந்த ஒரு பெண்மணியின் வாக்குமூலம் காணொளியாகக் காட்டப்பட்டது. கப்பலில் விலங்குகளைப் போலவும் அடிமைகளைப் போலவும் இருந்தோம் என்றார். அப்போது அவர் நான்கு மாதக் கர்ப்பிணி. மொரீஷியஸில் பிறந்த அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

மொரீஷியஸில் அவர்களுக்கு வீடு இல்லை, வேலை இல்லை. தேங்காய் உரிக்கத் தெரிந்தவர்களுக்குக் கரும்புத் தோட்ட நாட்டில் இடமில்லை. 1973-இல் பிரிட்டன் மொரீஷியஸ் அரசிடம் 6,50,000 பவுண்டு கொடுத்தது. அந்தப் பணம் மக்கள் கையில் சேர 1978 ஆனது. 1982-இல் மேலும் 40 லட்சம் பவுண்டு.

பிரிட்டனின் சொந்த நீதிமன்றங்கள் என்ன செய்தன?

தீவினரின் தலைவர் ஒலிவியே பான்கூல் தொடுத்த வழக்கில் 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004-இல் அரசு நாடாளுமன்றத்துக்குப் போகாமலேயே அரசியின் ஆணை மூலம், தீவுக்குத் திரும்புவதற்கான தடையை மீண்டும் கொண்டுவந்தது. 2008-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் அந்த ஆணையை ஏற்றது. ஒரே ஒரு வாக்கு.

அப்புறம் எப்படி ஹேக் வரை போனது? அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துமா?

ஒரு நாட்டின் சம்மதம் இல்லாமல் அதன் மேல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. பிரிட்டன் சம்மதிக்கவில்லை. மொரீஷியஸ் முதலில் கடல் சட்ட வழியைப் பிடித்தது. 2010-இல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றி அறிவித்த கடல் பாதுகாப்பு வலயம் சட்டப்படி இல்லை என்று 2015-இல் ஒரு நடுவர் மன்றம் சொன்னது. 1965-இன் வாக்குறுதிகள் பிரிட்டனைக் கட்டுப்படுத்தும் என்றும் அதே மன்றம் சொன்னது. அடுத்ததாக மொரீஷியஸ், பொதுச் சபை வழியே ஆலோசனைக் கருத்துக் கேட்க வைத்தது. 2017 ஜூன் 22 அன்று 94 நாடுகள் ஆதரவாகவும் 15 எதிராகவும் வாக்களித்தன. இந்தியா மொரீஷியஸின் பக்கம் நின்றது.

ஆலோசனைக் கருத்து கட்டளை ஆகாது. ஆனால் அதன் பின்விளைவுகளைப் பாருங்கள். 2019 மே 22 அன்று பொதுச் சபை, ஆறு மாதத்தில் வெளியேறுங்கள் என்று 116-க்கு 6 என்ற வாக்கில் கேட்டது. 2021 ஜனவரியில் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, சாகோஸ் மீது மொரீஷியஸுக்கு உள்ள இறையாண்மை அந்தக் கருத்திலிருந்தே தெளிவாகிறது என்று கொண்டு, மாலத்தீவோடு கடல் எல்லை வகுக்க முன்வந்தது. அதே ஆண்டு உலக அஞ்சல் ஒன்றியம் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேச' முத்திரையிட்ட தபால்தலைகள் செல்லாது என்றது. 2022 நவம்பரில் பிரிட்டன் பேச்சுவார்த்தைக்கு வந்தது.

தீவு மக்களிடம் யாராவது கேட்டார்களா? அவர்களுக்கும் சுயநிர்ணய உரிமை இல்லையா?

என்னை உறுத்துவது இதுதான். நீதிமன்றம் 'மொரீஷியஸ் மக்கள்' என்று ஒட்டுமொத்தமாகப் பேசியது. சாகோஸ் மக்களைத் தனி மக்களாகக் கொள்ளவில்லை. அவர்களின் மீள்குடியேற்றம் மனித உரிமை விஷயம், பொதுச் சபை பார்த்துக்கொள்ளும் என்றது.

இது புதிதல்ல. 1974-இல் கொமோரோஸ் தீவுகளில் விடுதலைக்காக வாக்கெடுப்பு நடந்தபோது மொத்தத்தில் பெருவாரியானோர் விடுதலை கேட்டார்கள். ஆனால் மயோட் தீவில் பெரும்பான்மையினர் பிரான்ஸோடு இருக்க விரும்பினார்கள். பிரான்ஸ் மயோட்டை வைத்துக்கொண்டது. ஐ.நா. பொதுச் சபை அதைக் கொமோரோஸின் ஒருமைப்பாட்டை மீறியதாகக் கண்டித்தது. காலனியாண்டவன் வாக்கெடுப்பின் பெயரால் ஒவ்வொரு துண்டாகப் பிய்த்துக்கொள்ள வழி திறந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதன் பின்னே இருக்கிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் தீவைப் பிடுங்கியபோதும் கேட்கவில்லை, திருப்பும்போதும் கேட்கவில்லை என்று பிரிட்டனில் வாழும் சாகோஸ் மக்கள் பலர் சொல்வதற்கு, அது பதிலாகாது.

பிரிந்துபோக நினைப்பவர்களை இந்தக் கொள்கை தடுக்கிறதா?

2010 ஜூலையில், செர்பியாவிலிருந்து பிரிவதாக அறிவித்த கொசோவோ பற்றிய கருத்தில் இதே நீதிமன்றம், ஆட்புல ஒருமைப்பாட்டுக் கொள்கையின் எல்லை நாடுகளுக்கிடையேயான உறவோடு முடிகிறது என்றது. அதாவது ஒரு நாட்டுக்குள்ளே இருக்கும் மக்களின் விடுதலைப் பிரகடனத்தைச் சர்வதேசச் சட்டம் பொதுவாகத் தடைசெய்யவில்லை. இதைப் பிரிந்துபோகும் உரிமை என்று படித்துவிடக் கூடாது. அப்படி ஓர் உரிமை உண்டா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

உள்நாட்டுச் சட்டம் வேறு. இந்தியாவில் 1963-இன் 16-ஆவது திருத்தம், இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் வந்த 6-ஆவது திருத்தம் இரண்டும் பிரிவினைப் பேச்சை நேரடியாகக் குறிவைத்தவை. 6-ஆவது திருத்தத்தின் உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். சாகோஸ் வழக்கில் சுயநிர்ணய உரிமையை ஆதரித்த இந்தியா, 1979-இல் மனித உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது, அந்த உரிமை அந்நிய ஆதிக்கத்தில் உள்ள மக்களுக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

டீகோ கார்சியாவுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அண்மையில்தான். 2021 அக்டோபரில் கனடா போக முயன்ற இலங்கைத் தமிழர்களின் படகு ஒன்று கடலில் சிக்கலுக்குள்ளாகி, அவர்கள் டீகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டார்கள். பலர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலிக்குள் கூடாரங்களில் கிடந்தார்கள். அது பிரிட்டிஷ் பிரதேசம், ஆனால் அகதிகள் உடன்படிக்கை அங்கே பொருந்தாது என்பது பிரிட்டன் எடுத்த நிலை. 2024 டிசம்பரில் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்ததாக அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அதே மாதம் தீர்ப்பளித்தது.

2025 உடன்படிக்கை என்ன சொல்கிறது? மக்கள் திரும்பிப் போகலாமா?

2025 மே 22 அன்று பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மரும் மொரீஷியஸ் பிரதமர் நவீன் ராம்கூலமும் கையெழுத்திட்டார்கள். 1965-இல் வில்சனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் மகன்தான் நவீன். அன்று அதிகாலை டீகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். நண்பகலில் தடை நீக்கப்பட்டது. அன்றே கையெழுத்தும் ஆனது.

இறையாண்மை முழுவதும் மொரீஷியஸுக்கு. டீகோ கார்சியா 99 ஆண்டுகள் பிரிட்டன் பொறுப்பில் படைத்தளமாகத் தொடரும். அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. சாகோஸ் மக்களுக்கென 4 கோடி பவுண்டு நிதியம். இரு நாடுகளும் தத்தம் உள்நாட்டு நடைமுறைகளை முடித்த பின்பே இது நடைமுறைக்கு வரும் என்பது விதி.

மற்றத் தீவுகளில் மொரீஷியஸ் மக்களைக் குடியேற்றலாம். டீகோ கார்சியாவில் கூடாது. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும் பகுதியினரின் ஊர் டீகோ கார்சியாதான். அங்கே அவர்களின் தேவாலயமும் கல்லறைகளும் இருக்கின்றன. 2006-இல் நூறு பேர் அளவில் கல்லறைகளைத் துடைத்து மலர் வைக்க அழைத்துச் செல்லப்பட்டு, திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். 1973-இல் கடைசிக் கப்பலில் கைக்குழந்தையாக ஏறியவருக்கும் இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது.